யார் காதில் விழுந்தது?

காலை ஒன்பது மணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடந்தவள் அதே வார்டில் வேலை பார்த்த நர்ஸ். போன மாதம் இதே அறையில், மூச்சுத் தொற்று முற்றிய ஒருவருக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தபோது கூட நின்றவள். சில நாளிலேயே அந்தத் தொற்று அவளையும் சாய்த்துவிட்டது. இப்போது அவளுக்காக வென்டிலேட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

புகார் கொடுத்தவர் அவள் கணவர், பஸ் டிரைவர். டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

“பாதுகாப்பு உடுப்பைக் கழட்டறப்போ அவதான் கவனமில்லாம இருந்துட்டாளாம், இங்கே சொல்றாங்க மேடம். வீட்ல பல் பிரஷ் மாறக்கூடாதுன்னு ஆளுக்கொரு கலர் டேப் ஒட்டி வெச்சிருக்கா. இங்கேயும் எல்லார் சாமானுக்கும் அவதான் ஒட்டினா. அவளா கவனமில்லாதவ?” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். “இன்னைக்கு ரெண்டு மணிக்கு அவளுக்கே துளை போடணுமாம். போன மாசம் துளை போட்ட அதே ரெண்டு டாக்டருங்கதான். நான் கையெழுத்துப் போடணும். யாரை நம்பிப் போடுறது?”

இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு டிபார்ட்மெண்டில் ‘நச்சரிப்பு’ என்று பெயர். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டவர்.

முதலில் சர்ஜன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அன்னைக்கு உள்ளே யார் யார்?”

“நான், என் தங்கச்சி வீட்டுக்காரர், அந்த சிஸ்டர். ஆள் குறைஞ்சாத்தான் ஆபத்தும் குறையும்.”

தங்கச்சி வீட்டுக்காரர்தான் மயக்க மருந்து டாக்டர். சரிதான், குடும்பத் தொழில் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

“ஆபத்து எப்போ?”

“மூச்சுக்குழாயைத் திறக்கிற நிமிஷம். மெஷின் ஓடிட்டிருந்தா கிருமியெல்லாம் எங்க மூஞ்சியிலதான் அடிக்கும். மெஷினை நிறுத்தினப்புறம்தான் கத்தி. மாப்பிள்ளை நிறுத்தினார், சிஸ்டர் என் கையைத் தட்டினா, வெட்டினேன். எல்லாம் முறைப்படி.”

அடுத்து மாப்பிள்ளை. முகத்தில் தூக்கமே இல்லை.

“வழக்கமா நிறுத்திட்டுக் கையைத் தூக்குவேன் மேடம். அன்னைக்குக் கை ஒழியலை. ஒண்ணு மெஷின்ல, ஒண்ணு குழாய்ல. வாயாலதான் சொன்னேன். எனக்கு முதுகு காட்டி நின்ன சிஸ்டர் உடனே மச்சான் கையைத் தட்டினா. எல்லாம் முறைப்படி.”

இரண்டு வாயிலும் ஒரே வாக்கியம். பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். ஆனால் இதில் பொய் எது?

“நான் உள்ளே போய்ப் பார்க்கணும்.”

நர்ஸ் விழுந்ததிலிருந்து பயத்தில் அங்கே துளை போடும் வேலையே நடக்கவில்லை. அன்று போட்ட தொப்பிகள் அப்படியே ஆணியில் தொங்கின. தலையிலிருந்து தோள்வரை மூடும் தொப்பி. வடிகட்டிய காற்றை உள்ளே ஊத ஒரு விசிறி. விசிறிக்கு ஒரு பேட்டரி. அதை முதுகுப் பக்கம் அடுத்தவர்தான் கட்டிவிட வேண்டும். மாப்பிள்ளை சர்ஜனுடைய நீல டேப் தொப்பியை எடுத்து இன்ஸ்பெக்டருக்கு மாட்டினார். அதோடு இருந்த பச்சை டேப் பேட்டரியை இடுப்பில் கட்டி, ஸ்விட்சைத் தட்டினார். தன்னுடையதை அவரைக் கட்டச் சொல்லிவிட்டு, கூடவே உள்ளே வந்தார்.

காதில் ஒரே இரைச்சல். இன்ஸ்பெக்டர் கட்டிலருகே நின்று நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து மாப்பிள்ளை தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார்.

இருவரும் வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார்கள். “என்னைக் கூப்பிட்டீங்களா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“மூணு தடவை. இதைப் போட்டா ஒண்ணும் கேக்காது மேடம். அதுக்குத்தான் கை ஜாடை...” மாப்பிள்ளை பாதியில் நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஆணிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, சர்ஜனையும் டிரைவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“நான் காலையிலேர்ந்து பொய்யைத் தேடினேன். நீங்க உண்மையைச் சொல்லி மாட்டிக்கிட்டீங்க. முதுகு காட்டி நின்ன சிஸ்டருக்கு அவர் சொன்னது கேட்டிருக்கு. அப்போ அவங்க விசிறி ஓடலை. நல்ல காத்தும் வரலை.”

“பேட்டரி தீர்ந்தா அது யார் குத்தம்?” சர்ஜன் சிரிக்கப் பார்த்தார்.

“உங்க குத்தம். உங்க நீலத் தொப்பியில இருந்தது பச்சை பேட்டரி. சிஸ்டரோட பச்சைத் தொப்பியில தொங்குது உங்க நீல பேட்டரி. ஒட்டினவங்க மாத்தி மாட்ட மாட்டாங்க. உங்களோடதுல சார்ஜ் இல்லை, அவங்களோடதை எடுத்துக்கிட்டீங்க.”

“மச்சான்!” மாப்பிள்ளை கத்தியே விட்டார். “அவங்களுக்குக் கட்டுன்னு நீங்கதானே என் கையில எடுத்துக் கொடுத்தீங்க! டேப்பைப் பார்க்காம நானும் கட்டிவிட்டேனே...”

சர்ஜன் இப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. “சின்ன வேலைதானே, இருக்கிற சார்ஜ் தாங்கும்னு நினைச்சேன். நின்னு போனதும் அவ வெளியே போயிருக்கலாமே?”

“கழுத்து திறந்து கிடக்கும்போது விட்டுட்டு வர மாட்டா சார்,” என்றார் டிரைவர். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு மணிக்கு வேறு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சர்ஜன் அம்மாள் வந்தார். மயக்க மருந்துக்கு மாப்பிள்ளையைத் தவிர ஆள் இல்லை. டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பேனாவை வாங்கினார், ஆனால் உடனே கையெழுத்துப் போடவில்லை.

“வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி நான் சுத்திப் பார்ப்பேன். இதையும் பார்க்கிறேன். இனி அவகிட்டேயிருந்து இன்னொருத்தருக்குத் தொற்று வரக்கூடாது.”

ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் போய் நின்று, டேப்போடு டேப்பைப் பொருத்திப் பார்த்து, விசிறிச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

பிறகு கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் கையையே பார்த்தார். மெஷின் நின்றது. கை உயர்ந்தது. அதற்குப் பிறகுதான் கத்தி கழுத்தில் பட்டது. குழாய் உள்ளே இறங்கி மெஷின் மறுபடி ஓடும்வரை அவரும் மூச்சு விடவில்லை.