மரத்தூள் ஒட்டாத இடம்

காலை பத்தரை மணி. மகள் சரியான ஆயில் டப்பாவோடு கார் ஷெட்டுக்குள் நுழைந்தபோது அப்பாவின் கால்கள் இரண்டும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு செருப்பு கழன்று கிடந்தது.

"அப்பா, இந்தத் தடவை சரியான ஆயில்தான். நீங்களே படிச்சுப் பாருங்க."

அவள் விட்டுப் போனபோது உயரத்தில் நின்ற கார் இப்போது தன் நான்கு சக்கரத்திலும் நின்றது. அது அவளுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் பிடித்தது. பிறகு அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து காரைத் தூக்கி அவரை வெளியே எடுத்தார்கள். உயிர் எப்போதோ போயிருந்தது. போனவர் மருந்துக் கடைக்காரர். மாத்திரை அட்டையைப் பத்து தடவை திருப்பிப் பார்த்துக் கொடுக்கிற மனிதர். தன் காருக்கு எந்த மெக்கானிக்கையும் நம்பாமல் என்ஜின் ஆயிலைத் தானே மாற்றுவார். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர்: கீழே அவரும் மகளும், மாடியில் அவருடைய தம்பி.

இன்ஸ்பெக்டர் அம்மா பதினொன்றரைக்கு வந்தார். ஸ்டேஷனில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ஊசி. அன்றைக்கு ஊசி எரிச்சலில் இருந்தார். பைபாஸ் சாலையில் சைக்கிளில் போன வாட்ச்மேன் ஒருவரை ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு ஓடி ஒரு வாரம் ஆகியிருந்தது. கையில் இருந்த தடயம் அந்த ஆளின் கிழிந்த பச்சை மழைக்கோட்டு மட்டும்தான். இப்போது இது வேறு.

"விபத்துதான் மேடம்," என்றார் ஏட்டு. "ஜாக்கி இறங்கிடுச்சு. ஸ்டாண்டு வைக்க மறந்துட்டாங்க. அந்தப் பொண்ணே ஒத்துக்குது."

ஜாக்கி தூக்குவதோடு சரி, தாங்க வேண்டியது இரும்பு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிறவன் உயிரை அடகு வைத்துவிட்டுத்தான் படுக்கிறான். ஸ்டாண்டுகள் இரண்டும் சுவரோரமாக நின்றன. ஊசி குனிந்து அவற்றை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அந்த ஷெட்டில் கதவுப் பிடிகூடப் பிசுபிசுத்தது.

பானெட் திறந்திருந்தது. ஆயில் ஊற்றும் இடத்து மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. கறுத்த பழைய ஆயில் நிறைந்த தட்டு ஓரமாக இழுத்து விடப்பட்டிருந்தது. என்ஜினுக்கு அடியில் தரை முழுக்க மரத்தூள்.

"அவர் கையில என்ன இருந்துச்சு?"

"டார்ச்சு மேடம். எரிஞ்சுட்டே இருந்துச்சு."

"ஸ்பேனர்?"

"பெட்டியில இருக்கு."

ஊசி டார்ச்சை வாங்கிக்கொண்டு, போட்டிருந்த சீருடையைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் படுத்தார். இப்போது காரைத் தீயணைப்புக்காரர்களின் மரக்கட்டைகள் தாங்கியிருந்தன. மேடம் வெளியே வர நேரமாயிற்று. வந்தவர் ஒரு பிளாஸ்டிக் உறையைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். முகம் மாறியிருந்தது.

மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. கையில் ஆயில் கறை காய்ந்து போயிருந்தது. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்," என்றார் ஊசி.

அவர் போனதும் மகள் தானாகவே பேசினாள். "நான்தான் மேடம் கொன்னுட்டேன். ஜாக்கி போட்டதும் நான், ஸ்டாண்டு வைக்க வேண்டியதும் நான். வச்சேனான்னு எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல."

"ஞாபகம் இருக்கிறதைச் சொல்லும்மா."

"என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டோம். சூடானாத்தான் ஆயில் இளகி முழுசா இறங்கும். அப்புறம் தூக்கினேன். அப்பா அடியில போய், ஆயில் இறங்குற ஓட்டையை அடைச்சிருக்கிற ப்ளக்கைக் கழட்டினாரு. ஒரே வீச்சா அடிச்சு, தட்டைத் தாண்டித் தரையெல்லாம் கொட்டிடுச்சு. 'எருமை, தட்டைத் தள்ளி வைடி'ன்னு திட்டினாரு. நான் மரத்தூளை வாரி ரெண்டு பக்கமும் கொட்டினேன்."

"அப்புறம்?"

"பழைய ஆயில் வடிஞ்சதும் ப்ளக்கைப் போட்டு முறுக்கிட்டு, புது டப்பாவைக் கேட்டாரு. பையிலிருந்து எடுத்துப் பார்த்தா ட்வென்ட்டி ஃபிஃப்டி. அது பழைய வண்டிக்கு ஊத்துற கெட்டி ஆயில். எங்க வண்டிக்கு ஃபைவ் தேர்ட்டி. 'தலைவலிக்கு வயித்துப் போக்கு மாத்திரை குடுக்குற மாதிரி இருக்கு'ன்னு சிரிச்சாரு. மாத்திட்டு வரச் சொன்னாரு. நான் ஸ்கூட்டர்ல போனேன்."

"அந்தத் தப்பான டப்பா யார் வாங்கினது?"

"சித்தப்பா. அதுதான் எனக்கே ஆச்சரியம். அப்பா ஆயில் மாத்துறதை எப்பவும் கிண்டல் பண்ணுவாரு. இந்தத் தடவை 'நானே ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டு வரேன்'னு ஒத்தைக்கால்ல நின்னாரு. அப்பா கேக்கலைன்னதும் 'சரி, ஆயிலாவது நான் வாங்குறேன்'னாரு."

"போன வாரம் கார் யார்கிட்ட இருந்துச்சு?"

"அவர்கிட்டதான். எனக்கு வெளியூர்ல ட்ரெய்னிங். அப்பாவுக்கு ராத்திரியில ஓட்டக் கண்ணு சரியில்ல." சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்தாள். "என்னை அரெஸ்ட் பண்ணுங்க மேடம். பரவாயில்ல. ஆனா நான் வச்சேனா, வைக்கலையா? அது மட்டும் எனக்குத் தெரியணும். தெரியாம நான் எப்படி இருப்பேன்?"

வாட்ச்மேனின் மனைவியும் தினம் ஸ்டேஷனுக்கு வந்து இதே மாதிரி ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

கூடத்தில் சித்தப்பா தயாராக இருந்தார்.

"மாடியில இருந்தேன் மேடம். சத்தம் எதுவும் கேக்கல. பாப்பா வந்து ஹாரன் அடிச்சா, இறங்கிப் போய் கேட்டைத் திறந்தேன். அவ கத்தினப்புறம்தான் ஷெட்டுப் பக்கமே போனேன். எதையும் தொடல."

"வேற யாராவது உள்ள வந்திருக்கலாமா?"

"வாய்ப்பே இல்ல. கேட்டு உள்பக்கமாப் பூட்டியிருந்துச்சு. ஒரு ஈ, காக்கா வரல." அவர் குரலைத் தாழ்த்தினார். "சின்னப் பொண்ணு, மறந்துட்டா. கேஸு கீஸுன்னு போட்டு அவ வாழ்க்கையைக் கெடுத்துடாதீங்க. அந்தச் சனியன் பிடிச்ச காரை இன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடறேன். ஆளுக்குச் சொல்லிட்டேன்."

"அண்ணன் உடம்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயா?"

அவர் கையிலிருந்த செல்போனைப் பைக்குள் போட்டார்.

ஊசி மகளையும் ஏட்டையும் ஷெட்டுக்கு வரச் சொன்னார். சித்தப்பாவையும்தான். எல்லாரையும் குனிந்து தரையைப் பார்க்கச் சொல்லி டார்ச்சை அடித்தார்.

"மரத்தூளைப் பாருங்க. இந்தப் பக்கம் ஒரு இடத்துல, கட்டை விரல் அளவுக்கு நாலு மூலையில தூள் இல்ல. சிமென்ட் பளிச்சுன்னு தெரியுது. அந்தப் பக்கமும் அதே மாதிரி. ஏட்டு, அந்த ஸ்டாண்டை எடுத்துட்டு வாங்க."

ஏட்டு கொண்டுவந்து வைத்தார். நான்கு கால்களும் நான்கு வெற்றிடங்களில் போய் உட்கார்ந்தன.

"தூள் கொட்டினப்ப ரெண்டு ஸ்டாண்டும் இங்கதான் இருந்துச்சு. வண்டியைத் தாங்கிட்டு இருந்துச்சு. அப்புறம்தான் யாரோ ஜாக்கியால வண்டியை இன்னும் கொஞ்சம் தூக்கி, ஸ்டாண்டை உருவிட்டு, ஜாக்கியை இறக்கியிருக்காங்க. எடுத்து, ஒட்டின தூளைத் துடைச்சு, சுவரோரம் வச்சிருக்காங்க. அடியில படுத்திருக்கிறவர் இதைச் செய்ய முடியாது. இந்தப் பொண்ணு கடையில இருந்தா. கேட்டு பூட்டியிருந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்க சார். ஒரு ஈ, காக்கா வரல. மிச்சம் யாரு?"

சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். "எங்கண்ணனை நான் ஏன் மேடம்..."

"வண்டிக்கு அடியில என்ன இருக்குன்னு மெக்கானிக் பார்க்க மாட்டான்னு இல்ல, ஆனா நீங்க தேடிப் பிடிக்கிற மெக்கானிக் வாயைத் திறக்க மாட்டான். அதான் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்தீங்க. நடக்கல. தப்பான ஆயிலை வாங்கி வேலையைத் தள்ளிப் போடப் பார்த்தீங்க. அண்ணன் டப்பாவைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே ப்ளக்கைக் கழட்டிட்டார். சரியான ஆயில் வர்ற வரைக்கும் அவருக்கு வேலை இல்ல. சும்மா படுத்திருந்த மனுஷன் டார்ச் அடிச்சு நாலு பக்கமும் பார்த்தார். நீங்க சரியான டப்பாவை வாங்கியிருந்தா, ஊத்திட்டு எழுந்து போயிருப்பார்."

ஊசி சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே உள்ளங்கை அளவு பச்சைத் துணி.

"முன்பக்க போல்ட்டுல மாட்டியிருந்துச்சு. பைபாஸ்ல நீங்க அடிச்சுப் போட்ட வாட்ச்மேனோட மழைக்கோட்டு. மிச்சம் என் ஸ்டேஷன்ல இருக்கு. வண்டி இறங்கினதும் இதை எடுக்க வழியில்லாமப் போச்சு உங்களுக்கு."

ஏட்டு அவர் தோளில் கை வைத்தார். சித்தப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"துணியைப் பார்த்துட்டு அண்ணன் என்னைக் கூப்பிட்டான். போலீசுக்குப் போகலாம்னான்," என்றார் கடைசியில். "அடியில படுத்துக்கிட்டே சொன்னான். 'வாடா, நானும் கூட வரேன்'னான். சரின்னேன். இன்னும் கொஞ்சம் தூக்கட்டுமா, நல்லாத் தெரியும்னேன்."

மகள் அவர் முன்னால் வந்து நின்றாள். காலையிலிருந்து தன் தலையைத் தடவிய அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"'பயப்படாமத் தூக்குடா, பொண்ணு ஸ்டாண்டு வச்சிருக்கா'ன்னான்."