இரண்டு தலைக் காலணா

அந்தக் காலணாவில் ஏதோ சரியில்லை என்பது முதலில் காசியின் கட்டைவிரலுக்குத்தான் தெரிந்தது.

ஆம்பூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் முனீர் அகமது கடையில் ஒரு கட்டு பீடி வாங்கிவிட்டு, மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்துத் தடவிக்கொண்டே தான் வேலை செய்யும் தோல் பதனிடுகிற ஷாப்பை நோக்கி நாலடி நடந்திருப்பான். ஒரு காசின் மேல் ராஜாவின் கிரீடமும் தாடியும் விரலில் இடறின. திருப்பினான். பூவளையம் இருக்கவேண்டிய பக்கத்திலும் கிரீடம் இடறியது, தாடி இடறியது. ஓரத்தில், இரண்டு காசுகளைத் தேய்த்து ஒட்டிய மெல்லிய கோடு. அந்தக் கோட்டில் பச்சையாய்க் களிம்பு, அதற்குள் சுண்ணாம்பும் அழுகின மயிரும் கலந்த ஒரு நாற்றம்.

இதே காசைத்தான், கூட வேலை செய்த தானியேலைப் புதைத்த அன்றைக்குச் சாயங்காலம், தோல் ஷாப்பின் கசடுக் குழிக்குள் தன் கையாலேயே வீசினான். விழுந்த சத்தத்தையும் கேட்டான்.

திரும்பிப் போய் நின்றான். "பாய், இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"சில்லறைக்கு ஊரு பேரு கேக்கறியே, இன்னா காசி? வந்துச்சு, குடுத்தேன். செல்லாதுன்னா குடு, மாத்தித் தர்றேன்."

மாற்றியிருக்கலாம். கை நீண்டது கூட. ஆனால் இன்றைக்குக் குழி வாரும் நாள்.

"வேணாம் பாய். இருக்கட்டும்" என்றான்.

காசி கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்தவனுக்கு அந்தக் காலணா ஒன்று போதுமானதாக இருந்தது.

தோலிலிருந்து சுரண்டின மயிரும், சதையும், சுண்ணாம்புத் தண்ணியும் போய்ச் சேருகிற இடம் அந்தக் கசடுக் குழி. இரண்டு ஆள் ஆழம், மேலே வட்டமாய் ஒரு வாய். மாசத்துக்கு ஒரு தரம் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அடியில் இறுகினதை வாரவேண்டும், இன்னொருவன் மேலே கயிற்றைப் பிடிக்கவேண்டும். உள்ளே காற்று கெட்டது. அதனால் நூறு எண்ணுகிற நேரத்துக்கு ஒரு தரம் மேலே இருப்பவன் பேர் சொல்லிக் கூப்பிடுவான், கீழே இருப்பவன் "இருக்கேன்" என்பான். பதில் வராவிட்டால் இழுத்துவிடுவார்கள். யார் இறங்குவது என்று மேஸ்திரி காசு சுண்டிப் பார்ப்பார். காசு அந்த இருவரில் ஒருவனுடையதாக இருக்கும். கேட்ட பக்கம் விழாதவன் இறங்கவேண்டும். இதெல்லாம் ரொம்ப நாள் வழக்கம்.

நாலு மாசம் தொடர்ந்து காசியின் காலணாதான் சுண்டப்பட்டது. நாலு மாசமும் அவன் கேட்ட தலைதான் விழுந்தது. நாலு மாசமும் தானியேல்தான் சிரித்துக்கொண்டே இறங்கினான். "உனக்கு ராஜா தோஸ்த்துடா காசி" என்பான். நாலாவது தரம் ஏறவில்லை.

காசி கூப்பிடாமல் இல்லை. பீடி பிடித்துக்கொண்டு, குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆனால் நூறுக்கு ஒரு தரம் கூப்பிட்டான். ஒவ்வொரு தரமும் "இருக்கேன்" என்று தானியேலின் குரலிலேயே பதில் வந்தது. பதினோரு தரம் வந்தது. கூடை மேலே வரவே இல்லையே என்று இழுத்துப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டுப்போய், வாய் நிறையக் கசடு அடைத்திருந்தது. இறங்கின கொஞ்ச நேரத்திலேயே போயிருப்பான் என்றார்கள். அப்படியானால் பதில் சொன்னது யார்? காசி அதை யாரிடமும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் அவனுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசி கடைசியில் பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. பேரைச் சொல்லி முடிக்கும் முன்னாலேயே வந்தது.

தானியேலின் பெண்சாதி மரியம்மாள் இப்போது அதே ஷாப்பில் மயிர் அலசுகிறாள். குழியிலிருந்து பத்தடியில்தான் அவள் உட்காரும் இடம்.

"இன்னாண்ணா, இன்னைக்கு யாரு எறங்கறது?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"நானும் சாமுவேலும் சுண்டறோம்."

"ஓகோ. அப்ப அவன்தான்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

சாமுவேல் ஆலங்காயத்திலிருந்து வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. மேஸ்திரி ராமமூர்த்தி கையை நீட்டினார். காசி இடுப்பிலிருந்து காலணாவை எடுத்தான். கொடுக்கும்முன் ஒரு தரம் விரலால் தடவினான். கிரீடம். திருப்பித் தடவினான். கிரீடம்.

"தலை எனக்கு" என்றான்.

"மிச்சம் இருக்கறது எனக்கு. நான் கேட்டது எப்போ விழுந்திருக்கு?" என்று சாமுவேல் சிரித்தான்.

காசு வெயிலில் சுழன்று, காயப்போட்டிருந்த ஒரு தோலின் மேல் சத்தமில்லாமல் விழுந்தது. மேஸ்திரி குனிந்து பார்த்தார்.

"பூ. காசி, எறங்கு."

காசி பாய்ந்து எடுத்தான். பூ. திருப்பினான். பூ. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், நகத்தால் சுரண்டி, இன்னொரு தரம் திருப்பினான். பூதான்.

"என்னய்யா அப்படிப் பாக்கறே? ரெண்டு பக்கமும் பூவாப் பூத்துடுச்சா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். மரியம்மாள் சிரிக்கவில்லை. அலசுவதை நிறுத்திவிட்டு அவன் கையையே பார்த்தாள்.

இது கள்ளக் காசு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் கேட்பாள், எந்த மாசத்திலிருந்து என்று. காசை இடுப்பில் செருகிக்கொண்டு குழிப் பக்கம் நடந்தான்.

சாமுவேல் கயிற்றைக் கட்டினான். முடிச்சு சரியாகத்தான் இருந்தது. மரியம்மாள் எழுந்து வந்து குழி ஓரத்தில் நின்றாள்.

"பயப்படாதண்ணா. பதில் மட்டும் சொல்லிக்கினே இரு. அவரு கடைசி வரைக்கும் சொன்னாருன்னு நீதானே சொன்னே?"

உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டுதான். ஏணியின் ஒவ்வொரு படியும் வழுக்கியது. அழுகின முட்டை போல ஒரு நாற்றம் மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, கண்ணில் நீராய் நின்றது. முழங்கால் வரை கசடு. அதன்மேல் ஒரு சாண் கறுப்புத் தண்ணீர், அசைவில்லாமல். சுவரெல்லாம் சொட்டுச் சொட்டாய் எதையோ எண்ணுகிற மாதிரி சத்தம்.

"காசிண்ணே!"

"இருக்கேன்!"

அவன் குரல்தான். வாரினான். கூடையில் போட்டான். மேலே போனது, காலியாய் வந்தது.

"காசிண்ணே!"

"இருக்கேன்."

சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தான். அப்போதுதான் கவனித்தான். நாற்றம் இல்லை. அடியோடு நின்றுவிட்டிருந்தது. நாற்றம் நின்றால் விஷக்காற்றில் மூக்கு செத்துவிட்டது, உடனே ஏறிவிடவேண்டும் என்பது குழி வாருகிற எல்லோருக்கும் தெரியும்.

ஏணியைப் பிடிக்கக் கையைத் தூக்கினான். கை வரவில்லை. கயிற்றை இழுக்க நினைத்தான். விரல் மடங்கவில்லை. முதுகு சுவரில் சாய்ந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

மேலே வட்டமாய் வெளிச்சம். அதன் நடுவில், பீடி பிடித்தபடி பக்கவாட்டாய்த் திரும்பியிருந்த சாமுவேலின் தலை. காசில் ராஜா இருப்பது போலவே.

கூப்பிடு. இப்போது கூப்பிடு. பதில் வராது. இழுத்துவிடுவாய்.

"காசிண்ணே!"

காசி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. நல்லது. வரவேண்டாம்.

"இருக்கேன்."

அவன் குரல். அவன் வாயிலிருந்து இல்லை. காலடியிலிருந்து.

கண்ணை மட்டும் கீழே இறக்கினான். கறுப்புத் தண்ணீரில் இன்னொரு வட்டம். அதன் நடுவில் இன்னொரு தலை, அதே பக்கவாட்டில். நிழல். சாமுவேலின் நிழல்.

மேலே இருந்த தலை புகையை ஊதிவிட்டு, நிம்மதியாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கீழே இருந்தது திரும்பவில்லை. அவனை நேராகப் பார்த்தது. வாய் நிறையக் கசடு.

"காசிண்..."

"இருக்கேன்" என்றது அது.