உருட்டுக் கண்ணன் என்ன குற்றம் செய்தான்?

அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு கண்கள் இருந்தன.

திரையின் மூலையில், முட்டை போல வெள்ளையாக, நடுவில் கறுப்பு மணியோடு இருக்கும். மவுஸை இங்குட்டு நகர்த்தினால் இங்குட்டுப் பார்க்கும். அங்குட்டு நகர்த்தினால் அங்குட்டுப் பார்க்கும்.

இரண்டாம் வகுப்பு அபி அதற்கு உருட்டுக் கண்ணன் என்று பெயர் வைத்திருந்தாள். காலையில் ஓடி வந்து, "கண்ணா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாள்.

இது நடந்தது 1999-ஆம் வருஷம். காரைக்குடியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்ப்யூட்டர், சைக்கிள் ரிக்‌ஷாவில் அபியின் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. இமானுவேல் சார் அதைத் துடைத்து, தட்டி, ஒரு வழியாக உயிர் கொடுத்தார். பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் போட்டார். அந்தக் கண்களும் அதோடு வந்தவைதான். லினக்ஸ் யாருடைய தனிச்சொத்தும் இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபோது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

ஒரே ஒரு குறை. கம்ப்யூட்டர் ஆமை.

காலையில் சுவிட்சைப் போட்டால், இறைவணக்கம் முடியும்போதுதான் கண் விழிக்கும். எதைத் தொட்டாலும் உள்ளே கரகரவென்று சத்தம் வரும். பெட்டியின் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று துடிக்கும். திரை அப்படியே உறைந்து நிற்கும்.

"மெமரி பத்தலை. இன்னும் கொஞ்சம் போடணும். ஆனா இந்தப் பழைய வகை மதுரையிலயே கிடைக்கலைங்கிறாங்க" என்றார் சார்.

ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியை சூசைமேரி டீச்சர் வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்தபடி காத்திருந்தார். திரையில் எதுவும் வரவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன், சார்" என்றார். "அப்பவும் இது இப்படியே தூங்குச்சுன்னா, பழைய இரும்புக்காரர் எடுத்துக்கிட்டுப் போகட்டும். தையல் மிஷினுக்கு மேசை வேணும்."

அவர் போனதும் வளன் முன்னால் வந்தான். ஆறாம் வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் பதில் சொல்பவன் அவன்தான். பதில் சரியா என்பது பிறகு தெரியும்.

"சார், அந்தக் கண்ணுதான் காரணம்! எல்லாம் சும்மா இருக்கு. அது மட்டும் உருட்டிக்கிட்டே இருக்கு. அதை எடுத்துட்டா சரியாப் போயிரும்."

வாசலில் நின்ற அபி இதைக் கேட்டுவிட்டாள். ஓடி வந்து திரையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அவன் ஒண்ணும் பண்ணல!"

"நீ தள்ளு பாப்பா. உனக்கு என்ன தெரியும்?"

"உனக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றாள் அபி.  இடத்தை விட்டு நகரவில்லை.

வளனின் வகுப்பில் படிக்கும் ஆன் மேரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் கண்ணன் மேல்தான் சந்தேகம். ஆனால் சந்தேகப்பட்டதற்காக ஒருவரைத் துரத்திவிட முடியுமா?

"சார், ஒண்ணொண்ணா நிறுத்திப் பாத்தா என்ன? எதை நிறுத்தினா வேகம் வருதோ, அதுதான காரணம்?"

"சரி. வேகத்தை எப்படி அளப்பே?" என்று கேட்டார் சார்.

ஆன் மேரி யோசித்தாள். "வளன் வாய்ப்பாடு சொல்லட்டும். எழுதுற பக்கம் திறக்கிறதுக்குள்ள எந்த வாய்ப்பாடு வரைக்கும் போறான்னு பாப்போம்."

வளனுக்குப் பெருமை தாங்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரண்டாம் வாய்ப்பாட்டில் ஆரம்பித்தான். மூன்று, நான்கு, ஐந்து என்று போனான். பதினோராம் வாய்ப்பாட்டுக்கு வந்தபோதுதான் பக்கம் திறந்தது. அவனுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

"இப்ப கண்ணனை மட்டும் நிறுத்துவோம்" என்றாள் ஆன் மேரி. அபியின் தோளைத் தொட்டாள். "சோதனைக்குத்தான். முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வந்துருவேன். சரியா?"

அபி முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையாட்டினாள்.

கண்கள் மறைந்தன. சார் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடியும் போட்டார். வளன் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஆரம்பித்தான். இந்தத் தடவையும் பதினோராம் வாய்ப்பாடு!

"பாத்தியா!" என்று குதித்தாள் அபி.

ஆன் மேரி சொன்னபடியே கண்ணனைத் திரும்பக் கொண்டுவந்தாள். அடுத்து, திரையில் பின்னணியாக இருந்த பனிமலைப் படத்தை எடுத்தார்கள். ஒன்பதாம் வாய்ப்பாடு.

"ஆடாம அசையாம இருந்த மலை இவ்வளவு சாப்பிட்டிருக்கே!" என்றார் சார்.

ஆனாலும் ஒன்பதாம் வாய்ப்பாடு வரை யார் காத்திருப்பார்கள்? திரையின் கீழே வரிசையாக மினுமினுக்கும் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். "இதெல்லாம் இந்த டெஸ்க்டாப்போட, அதாவது இந்தத் திரை அமைப்போட, சேர்ந்தே வரும். தனியா எடுக்க முடியாது" என்றார் சார்.

மறுநாள் பள்ளிக்கு வரும் வழியில் ஆன் மேரி அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். அவள் தெருவில் ஒரு பெரிய வீடு உண்டு. இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை. உள்ளே இருப்பது இரண்டே பேர். முன்கட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் பின்கட்டில்தான் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவையும் யார் கூட்டிப் பெருக்குவது?

ஆன் மேரி வேகமாக நடந்தாள். பிறகு ஓடினாள்.

"சார், சாமான்களை எடுக்க முடியலைன்னா வீட்டையே மாத்திரலாமா? இதை விடச் சின்ன டெஸ்க்டாப் லினக்ஸ்ல இருக்கா சார்?"

 சார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இருக்கே! அந்த சி.டி.யிலயே இருக்கு. பாக்க மொட்டையா இருக்கும். உங்களுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சு நான்தான் அதைப் போடலை."

சார் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து அந்தச் சின்ன டெஸ்க்டாப்பைப் போட்டார். படம் இல்லை, மினுமினுப்பு இல்லை, சத்தமும் இல்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறம்.

"பூசாத சுவரு மாதிரி இருக்கு" என்று முகம் சுளித்தான் வளன்.

"நீ வாய்ப்பாடு சொல்லு" என்றாள் ஆன் மேரி.

"ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நாலு, மூவிரண்டு ஆறு..."

பக்கம் திறந்துவிட்டது!

வளன் திறந்த வாயை மூடவில்லை. சிவப்பு விளக்கு ஒரே ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு அமைதியாக இருந்தது. பிறகு ஆன் மேரி உருட்டுக் கண்ணனை அழைத்தாள். அவன் பாட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தான். வேகம் கொஞ்சமும் குறையவில்லை.

வளன் அபியைப் பார்த்தான். அபி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சரி, அவன் ஒண்ணும் பண்ணல" என்றான் வளன்.

"என்கிட்ட ஏன் சொல்றே? அவன்கிட்ட சொல்லு."

வளன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு திரையருகே குனிந்து, "சாரி, கண்ணா" என்று மெதுவாகச் சொன்னான். அபி மவுஸை நைசாக நகர்த்தினாள். இரண்டு கண்களும் அவன் பக்கம் திரும்பின.

வெள்ளிக்கிழமை இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்து வாசலில் நின்றார். சூசைமேரி டீச்சர் அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்களே தொட்டுப் பாருங்க, டீச்சர். உங்க பேரை அடிங்க" என்றாள் ஆன் மேரி.

டீச்சர் தொட்டார். பக்கம் சட்டென்று திறந்தது. அவர் புருவம் உயர்ந்தது. வாசலை எட்டிப் பார்த்து, "பின்னால உடைஞ்ச பெஞ்சு ரெண்டு கிடக்கு. அதை எடுத்துக்கிட்டுப் போங்க. தையல் மிஷினை என் மேசையில வச்சுக்கலாம்" என்றார்.

பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒற்றை விரலை நீட்டினார். முதல் எழுத்தைத் தேடினார். மேல் வரிசையில் தேடினார். கீழ் வரிசையில் தேடினார். விரல் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாரும் மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள்.

அபி ஆன் மேரியின் காதில் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் அடுத்த அறைக்கும் கேட்கும்.

"அக்கா, கம்ப்யூட்டர் வேகமாத்தான் இருக்கு. பெரிய டீச்சர்தான் மெதுவா இருக்காக."

அறையில் முதலில் சிரித்தவர் பெரிய டீச்சர்தான்.