எட்டுப் பெட்டியும் ஒரே நாற்காலியும்

"இதுவும் செத்துப்போச்சு! நீங்களே பாருங்க!"

கடை மேசைமேல் தொப்பென்று வந்து இறங்கியது ஓர் ஆம்ப்ளிஃபயர். கொண்டுவந்தவன் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான்... ஆனால் அவனுடைய மழைக்கோட்டு முழுக்க ஆம்ப்ளிஃபயரைச் சுற்றியிருந்தது. அதன்மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பழைய ஆடியோ சாமான்களை வாங்கி விற்கிற அந்தக் கடை அவளுடைய அண்ணனுடையது. அவன் சாப்பிடப் போயிருந்தான். அவள் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற வேலை பார்ப்பவள். கிடைத்த ஒரு விடுமுறையில் கடையைப் பார்த்துக்கொள்ள மாட்டிக்கொண்டவள்.

"செத்துப்போனதை இவ்வளவு பத்திரமா போர்த்திக் கொண்டுவந்திருக்கீங்களே..."

"கிண்டலா? மாத்தி மாத்தி அலுத்துட்டேன். இடது பக்கம் கணீர்னு பாடுது. வலது பக்கம் கம்பளிக்குள்ள வாயை வெச்சுப் பாடற மாதிரி இருக்கு. உங்கண்ணன் எனக்குன்னு தேடித் தேடி ஓட்டையைக் கொடுக்கறாரு!"

"எங்கண்ணன் எல்லாருக்கும் சமமாத்தான் ஓட்டையைக் கொடுப்பாரு. உங்களுக்குன்னு தனியா எதுவும் கிடையாது."

அவன் விருட்டென்று நிமிர்ந்து பார்த்தான். பெரிய கண்கள்... தூங்கி நாளான கண்கள். வாய்தான் சண்டை போட்டது. கண்கள் எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தன. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அப்படியெல்லாம் பார்வையைத் தாழ்த்துகிற பெண் இல்லை அவள்.

மழை தகரக் கூரையில் இரைந்தது. அவள் ஏதோ கேட்டாள். "என்னங்க?" என்று அவன் முகத்தைச் சற்றே திருப்பி இடது கன்னத்தைக் காட்டினான்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தத் திருப்பலை அவள் வேலை செய்கிற இடத்தில் தினமும் பார்க்கிறாள்.

"ரெண்டு பக்கத்து ஒயரையும் இடம் மாத்திப் பார்த்தீங்களான்னு கேட்டேன்."

ஆடியோ பைத்தியங்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி அது. கோளாறு எதில் என்று தெரியவில்லையா, இடது பக்கத்துச் சாமானை வலது பக்கம் மாட்டு. கோளாறும் கூடவே இடம் மாறினால் திருடன் அகப்பட்டான். மாறாவிட்டால் அடுத்த சாமானை மாற்று.

"அதுகூடத் தெரியாமலா எட்டுப் பெட்டி செஞ்சேன்? ஒயரை மாத்தியாச்சு. ஆம்ப்பை மாத்தியாச்சு. ஸ்பீக்கரையே தூக்கி அந்தப் பக்கம் வெச்சாச்சு. எதை வெச்சாலும் வலது பக்கம்தான் மந்தம்!"

"அப்போ ஆம்ப் மேல எப்படிங்க தப்பு வரும்?"

அவன் ஈரக் கையால் ஆம்ப்ளிஃபயரின் விளிம்பைத் தடவினான்.

"வேற எதுமேல சொல்லச் சொல்றீங்க?" என்றான், குரல் இறங்கி.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். "அடடே, எட்டுப்பெட்டி! மறுபடியும் சண்டையா?" நனைந்து வந்தவனுக்கு அந்தக் கடையில் அதுதான் பெயர். தச்சு வேலைக்காரன். தன் கையாலேயே எட்டு ஸ்பீக்கர் பெட்டி செய்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆம்ப் வைத்து, வீட்டில் ஓர் அறையையே சுற்றி நிறைத்திருக்கிறவன். நல்ல வாடிக்கையாளரை இழக்க அண்ணனுக்கு மனசில்லை. "ஞாயித்துக்கிழமை நானே நாலஞ்சு ஜோடி ஆம்ப் எடுத்துட்டு வர்றேன்பா. உங்க ரூம்லயே போட்டுப் பார்த்து எடுத்துக்கோங்க."

"நானும் வர்றேன்," என்றாள் அவள்.

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை, எட்டுப்பெட்டியின் வீட்டு முன்னறையில் ஒரு பெரியவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் வணக்கம் சொன்னாள். அவர் திரும்பவில்லை. "அப்பா... அவருக்குக் கேட்காது," என்று சொல்லிவிட்டு அவன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

உள்ளறையில் முன்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்று, பின்னால் இரண்டு என்று பெட்டிகள். மூலையில், அதிர்கிற அடிச்சத்தத்துக்கு மட்டும் ஆளுயரத்தில் ஒன்று. விரல் பட்டால் வழுக்கும்படி இழைத்த மரம். எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே ஒரு நாற்காலி. அது அசையாமல் இருக்க, கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தான்.

அண்ணன் ஒரு ஜோடியை மாட்டினான். பெண் குரல் ஒன்று அறை முழுக்க எழுந்தது. அவளுக்குப் புல்லரித்துவிட்டது. எந்தப் பக்கமும் ஏறவில்லை, எந்தப் பக்கமும் இறங்கவில்லை...

"மந்தம்," என்றான் நாற்காலியிலிருந்து. அடுத்த ஜோடி. "மந்தம்." அதற்கடுத்தது. "இதுவும்தான்!" அண்ணன் தலையைச் சொறிந்தான்.

சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இந்த மாதிரிச் செய்தியைச் சொல்கிறவளை யாருக்கும் பிடிக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இவனுக்குத் தன்னைப் பிடிக்காமல் போவது ஏன் இப்படி வலிக்க வேண்டும்?

"எல்லாத்தையும் மாத்திப் பார்த்தீங்க... ஒண்ணை மட்டும் மாத்தல."

"எதை?"

"நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்க."

சாக்பீஸ் கோட்டைத் தாண்டி நாற்காலி திரும்பியது. அவன் முன்பெட்டிகளுக்கு முதுகு காட்டி, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தான். பாட்டு ஓடியது. இத்தனை நாளும் கணீரென்று பாடிய பெட்டிகள் இப்போது அவனுக்கு வலது கைப்பக்கம்... மந்தமும் அவனோடு சேர்ந்து திரும்பி அந்தப் பெட்டிகளுக்கே வந்துவிட்டது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டு முடியும்வரை அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் சத்தமில்லாமல் ஒயர்களைச் சுருட்டினான்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். ஒலி கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். இடது காதுக்கு விரல் சட்சட்டென்று எழுந்தது. வலது காதுக்கு அவள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள். விரல் தயங்கியது... பிறகு எழுந்தது. ஆனால் நேரம் பொருந்தவில்லை.

அவள் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள். காதில் எதுவும் ஒலிக்கவில்லை. ஆனால் கேட்டதுபோல் அவன் விரல் உயர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் உயர்ந்தது. எத்தனையோ பேருக்குச் சோதனை செய்தவள், அன்று தாளைப் பார்க்கிற சாக்கில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. வலது காது திரும்பாது. இடது காதும் அதே வழியில் போகக்கூடும், அப்பாவுக்குப் போனதைப்போல. காதுக்கருவி கொஞ்ச காலம் கைகொடுக்கும்.

வராந்தாவில் அவள் அவனுடைய இடது பக்கமாக வந்து நின்றாள்.

"அப்பாவைப் பார்த்தீங்கல்ல?" என்றான். "முதல்ல எல்லாத்தையும் அவர்கிட்ட கத்திச் சொன்னோம். அப்புறம் முக்கியமானதை மட்டும் கத்தினோம். இப்போ சாப்பாட்டுக்குத் தோளைத் தட்டறதோட சரி."

"நான் அப்படி விட மாட்டேன்..." வாயிலிருந்து நழுவிவிட்டது.

அவன் வெடுக்கென்று திரும்பினான். "நீங்க யாருங்க, விடறதுக்கும் விடாததுக்கும்? இரக்கப்பட்டு வர்றவங்க சீக்கிரமே களைச்சுப்போவாங்க. வேணாம்." போய்விட்டான். திரும்பியே பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் அண்ணனுக்குத் தகவல் வந்தது... எட்டு ஆம்ப்பையும் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி.

"உன் மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?" என்றான் அண்ணன். "ஆம்ப் மாட்டப் போன இடத்துல மனசைக் கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணனின் கிண்டல் வடிந்துவிட்டது.

"இங்க பாரும்மா. கண்ணைத் திறந்துக்கிட்டே பள்ளத்துல இறங்காதே. ஒரு நாள் நீ பேசறதே அவனுக்குக் கேட்காது."

"அதுவரைக்கும் கேட்கும்ல அண்ணா?"

ஆம்ப்புகளை எடுக்க அண்ணன் போகவே இல்லை.

மறுபடி மழை பிடித்த ஒரு மாலையில் எட்டுப்பெட்டியே கடைக்கு வந்தான். கையில் எதுவும் இல்லை.

"நான்தான் வரலையேப்பா, ஆம்ப் எங்கே?" என்றான் அண்ணன்.

"விக்க வரலைங்க. வாங்க வந்தேன். பிரிக்கிற கோபத்துல ரெண்டைக் கீழ போட்டு உடைச்சுட்டேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினான். கெஞ்சுகிற கண்கள் இப்போது எதையும் மறைக்கவில்லை. "பெரிய பெட்டி மட்டும் ஓடிட்டிருந்துச்சு. அப்பா எழுந்து வந்தாரு. எத்தனையோ வருஷமா அந்த ரூமுக்குள்ள அவர் வந்ததில்லை. பெட்டிமேல கையை வெச்சாரு... எடுக்கவே இல்லைங்க. தாளத்துக்கு விரல் ஆடுச்சு."

ஈரத் தலையைக் கையால் வழித்துவிட்டான்.

"எட்டுப் பெட்டி செஞ்சேன். நாற்காலி ஒண்ணுதான் போட்டேன். அவரைத் தனியா உட்கார வெச்சது அவர் காது இல்லைங்க. நான்தான்."

அவள் மேசையைச் சுற்றி அவனுடைய இடது பக்கம் வந்து நின்றாள்.

"எந்த ஆம்ப் நல்லா பாடுதுன்னு இனிமே எனக்குத் தெரியாது. நீங்க வந்து கேட்டுச் சொல்லணும்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பெருமூச்சு விட்டு அலமாரியிலிருந்து மூன்று ஜோடிகளை இறக்கினான். "நனையாம போங்க ரெண்டு பேரும். ஆம்ப்பைச் சொல்றேன்," என்றான்.

அந்த அறையில் அப்பா பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, மரத்தில் உள்ளங்கையைப் பதித்து உட்கார்ந்திருந்தார். சாக்பீஸ் கோட்டுக்குள் இருந்த நாற்காலியை எட்டுப்பெட்டி அவளுக்குக் காட்டினான். அதன் வலது பக்கம் இன்னொரு நாற்காலி, இழைத்த தூள் இன்னும் ஒட்டியிருந்தது. அங்கே அவன் உட்கார்ந்தால் அவன் இடது காது அவள் பக்கம் இருக்கும்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "முதல் ஜோடி வேணாம், பல் கூசுது... ரெண்டாவது பரவாயில்ல, ஆனா பாடறவங்க சுவருக்குப் பின்னால நிக்கறாங்க... இது... இதுல அந்தம்மா மூச்சு இழுக்கறதுகூடத் தெரியுது. இதுதான்."

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கா?"

"ஒண்ணா இருக்கு."

அவன் ஸ்பீக்கர்களைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான்.

"இந்தக் காது இருக்கும்போதே சொல்லிடறேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. பயமாவும் இருக்கு. பதில் எதுவா இருந்தாலும்... அதை நான் என் காதால கேட்கணும்."

அவள் எழுந்து பாட்டை நிறுத்தினாள். திரும்பி வந்து அவன் இடது காதருகே குனிந்தாள்.

"சத்தமாச் சொல்லட்டுமா?"

"வேணாம். கத்தற நாள் எப்படியும் வரும். இன்னைக்கு மெதுவாச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். மழைக்குள் கரைந்துபோகிற அளவுக்கு மெதுவாக... மூன்றே சொல்.

அவன் கண்ணை மூடினான். விரல் உயர்ந்தது.

கண்ணீரோடு சிரித்துவிட்டு, இன்னும் மெதுவாக அவள் மறுபடியும் சொன்னாள். விரல் மறுபடியும் உயர்ந்தது.