இரண்டாவது சாவி

மலை உச்சி ரேடார் நிலையத்துக்கு ஏறி வருவதற்குள் மெக்கானிக்குக்கு மூச்சு வாங்கியது. மதியம் மூன்று மணி. மூடிவிட்ட நிலையத்தைப் பிரித்துப் போடும் வேலை. துணைக்கு மனைவியின் தம்பி, வெல்டர். முதல் நாளே மின்சாரக் கேபிளை வெட்டிவிட்டிருந்தார்கள். வாசலில் கிடந்த அதன் முனையைத் தாண்டித்தான் இருவரும் உள்ளே வந்தார்கள்.

"முகமே சரியில்லையே மாமா. தூங்கலையா?"

"தூக்கமா? அதெல்லாம் பழைய கதை மாப்ள. நீ மேல போய் ரேடார் தட்டைக் கழட்டு. இந்தா, இதைக் கழுத்துல மாட்டிக்க."

"கரண்டே இல்லாத மெஷினுக்குச் சாவி எதுக்கு?" என்று சிரித்தபடி மாட்டிக்கொண்டு வெல்டர் படியேறினான்.

பழக்கம்தான். அலைகளை வீசும் தட்டின் முன்னால் போகிறவர் மெஷினின் சாவியைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். சாவி இல்லாமல் மெஷின் ஓடாது. அந்தத் தைரியத்தில்தான் இங்கே எல்லோரும் வேலை பார்த்தார்கள்.

மெக்கானிக் மட்டும் யாருக்கும் தெரியாமல் இன்னொரு சாவி செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் படியேறிப் போய்ச் சாவியை வாங்கி வரச் சோம்பல், வேறொன்றுமில்லை. எட்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் கூட்டாளி மேலே தட்டின் முன்னால் நிற்பதை மறந்து, அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டார்.

"ஆன் பண்ணிட்டியா? தலைக்குள்ள டிக் டிக்னு கேக்குதுடா!" மேலிருந்து ஒல்லி அலறினான்.

ரேடார் அலை விட்டுவிட்டுத் தாக்கினால் அப்படிக் கேட்கும். சத்தம் மண்டைக்குள்ளேயே எழும், காதைப் பொத்தினாலும் நிற்காது. மெஷினை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்பார்கள். ஒல்லிக்கு நிற்கவில்லை. தலைவலி வந்தது, கை நடுங்கியது, பெற்ற மகளின் பெயரே மறந்துபோனது. இரண்டே வருடத்தில் போய்ச் சேர்ந்தான்.

விசாரணையில், "சாவி அவன் கழுத்துலதான் இருந்துச்சு" என்றார் மெக்கானிக். அது பொய்யில்லை, அதனால் எல்லோரும் நம்பினார்கள். ஒல்லிக்குப் பைத்தியம் என்று ஊர் முடிவு கட்டியது.

போன வாரம்கூட ஒல்லியின் மனைவி ஒரு தாளோடு வந்தாள். "அவரு பைத்தியம் இல்ல, அன்னைக்கு மெஷின் ஓடிச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. பைத்தியக்காரன் மகள்னு என் பொண்ணைப் பேசுறாங்க."

அந்தத் தாள் அவர் பையில் அப்படியே கிடக்கிறது. இரண்டாவது சாவியும்தான்.

கருவி அறையில் கருகிய ரப்பர் வாடை. மெக்கானிக் சாவியை எடுத்தார். இது ஒழிந்தால் சாட்சியே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஜன்னல் வழியாகப் பள்ளத்தில் வீசிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டு வருட அலுப்பு.

டிக்.

காதைப் பொத்தினார்.

டிக். டிக்.

மேலிருந்து வெல்டரின் குரல் வந்தது.

"ஆன் பண்ணிட்டீங்களா மாமா? தலைக்குள்ள டிக் டிக்னு கேக்குது!"

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். மெஷினின் பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. பள்ளத்தில் வீசிய சாவி துவாரத்தில் நின்றது, முழுதாகத் திருப்பிய நிலையில்.

பாய்ந்து திருகினார். அசையவில்லை.

"ஒல்லி, அவனை விட்டுடுடா" என்று கெஞ்சினார். "அவன் என்னடா செஞ்சான்?"

டிக். டிக். டிக்.

பையைக் கவிழ்த்துத் தாளைத் தேடினார். 'என்னிடம் இருந்த இன்னொரு சாவியால் நான்தான் மெஷினை ஓட்டினேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

விளக்கு அணைந்தது. துவாரம் காலியாக இருந்தது. அவர் தலைக்குள் அப்படியொரு அமைதி. மெக்கானிக் வாய்விட்டு அழுதார்.

வெல்டர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நிறுத்திட்டீங்களா மாமா?"

"நின்னுடுச்சு மாப்ள. எல்லாம் முடிஞ்சுடுச்சு."

வெல்டர் கழுத்தில் கிடந்த சாவியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான்.

"அப்புறம் ஏன் மாமா எனக்கு இன்னும் கேக்குது?"