நாற்பதாவது ஒட்டி

வைகை மணல் திடலில் பொழுது புலரும் நேரம். தன்னார்வலர் வரிசையில் நின்ற தாரகை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே அமர்ந்திருந்த பெண் ஊழியர் வழக்கமான கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தலைவலி?"

"இல்ல."

"தாகம்?"

"கொஞ்சமா."

"வேற எங்கயாவது வலி?"

"இடது முழங்கால். மாடிப்படியில இடிச்சுக்கிட்டேன்."

"சரி, இதெல்லாம் உங்களோடது. இனிமே வர்றதெல்லாம் மக்களோடது" என்று சொல்லிவிட்டு, ஊழியர் உணர்பட்டையைத் தாரகையின் மேல்கையில் கட்டினார். பட்டை லேசாகச் சூடேறி அடங்கியது. அடுத்த ஆள் முன்னால் வந்தார்.

ஐந்தரைக்குக் கச்சேரி ஆரம்பம். ஒன்பது மணிக்குள் கடைசி ஆள் வரை கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். அதற்கு மேல் திறந்த வானத்தின் கீழே யாரும் கூடக்கூடாது. தாரகை பிறப்பதற்கு முன்னால் ஒரு கோடையில், இப்படிப்பட்ட திடல்களில் ஆயிரக்கணக்கானோர் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். பல ஆண்டுகள் திறந்தவெளிக் கச்சேரியே கிடையாது என்றிருந்தது. உணர்பட்டை வந்த பிறகுதான் மறுபடியும் அனுமதித்தார்கள்.

நுழைவாயிலில் பார்வையாளர் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பொட்டு அளவில் ஓர் ஒட்டியை ஒட்டி அனுப்புவார்கள். நாற்பது ஒட்டி ஒரு தொகுதி. அந்த நாற்பது உடம்பும் படுகிற பாடு, தொகுதிக்குப் பொறுப்பான தன்னார்வலரின் உடம்பில் வந்து சேரும். நாலு பேருக்குத் தாகமெடுத்தால் அவருக்கு நாக்கு வறளும். யாருக்காவது மயக்கம் வருமென்றால் அவருக்குக் கண் இருட்டும். ஆனால் யாருக்கு என்பதைப் பட்டை சொல்லாது. ஒருவருடைய உடல்நிலையை எந்த இயந்திரமும் பெயரோடு சேர்த்து அறியக்கூடாது என்று உடல்மறைப்புச் சட்டம் இருக்கிறது. ஆகவே ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது மனிதர் வேலை.

வெயில் தணியாத அந்த ஊரில் தாரகை வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கும் கூடத்தில், ஓர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், தனியாக உட்கார்ந்திருந்தாள். ஏழாவது நாளுக்காகவே அவள் பட்டை கட்ட வந்தாள். தவில் முதல் அடி விழும்போது நாற்பது பேருடைய மகிழ்ச்சி ஒரே நேரத்தில் அவள் நெஞ்சுக்குள் வந்து இறங்கும். அதை யாரிடம் சொன்னாலும் புரியாது. கோகுல்நாத் அண்ணனிடம் மட்டும் சொல்ல வேண்டியதேயில்லை.

கோகுல்நாத்துக்கு அறுபத்தொரு வயது. மின்பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுடையது ஆறாம் தொகுதி, அவருடையது ஏழு. நடுவே ஒரு கயிறுதான். மூன்று வருடமாக இருவரும் அக்கம்பக்கமாகவே நின்று வந்தார்கள்.

அன்றும் நன்றாகத்தான் தொடங்கியது. தவிலும் வயலினும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட, தாரகையின் உடம்பு பூப்போல ஆகிவிட்டது. ஏழு மணி வாக்கில் வெயில் மணலைத் தொட்டது. அப்போதுதான் அவளுடைய நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவது போலிருந்தது. அழுத்தம் மெல்ல இடது தோளுக்கு ஏறி, தாடை வரை போனது.

கையேட்டில் உள்ளபடி செய்தாள். மணலில் உட்கார்ந்து, பட்டையைக் கழற்றி, முப்பது எண்ணினாள். வலி சட்டென்று மறைந்தது. மறுபடி கட்டியதும் வந்தது. அவளுடையது இல்லை. அவளுடைய நாற்பது பேரில் ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது.

வரிசை வரிசையாகக் குனிந்து நடந்தாள். "உடம்புக்கு ஏதாவது செய்யுதாங்க?" எல்லாருமே இல்லை என்று தலையாட்டினார்கள். அப்படித்தான் ஆட்டுவார்கள். உடம்பு சரியில்லை என்று வெளியேற்றப்பட்டவருக்கு ஓராண்டுக்குத் திறந்தவெளி அனுமதி கிடையாது. மூன்றாவது வரிசையில் பருத்த ஆள் ஒருவர், மகளோடு வந்தவர், சட்டை முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, உங்களுக்கு நெஞ்சு ஏதும்…"

"வேர்வைங்க. வெயில்ல வேர்க்காம பின்ன குளிரவா செய்யும்?"

"ஒரு நிமிஷம் வெளிக்கயித்துக்கு அந்தப் பக்கம் வந்துட்டுப் போங்கய்யா. கோவிச்சுக்காதீங்க."

முனகிக்கொண்டே எழுந்து வந்தார். திடலைச் சுற்றிக் கட்டிய வெளிக்கயிற்றைத் தாண்டினால்தான் ஒட்டியின் தொடர்பு அறும்; தொகுதிகளுக்கு நடுவிலுள்ள கயிற்றைத் தாண்டினால் அறாது. அவர் தாண்டிய பிறகும் வலி இருந்த இடத்திலேயே இருந்தது. தாரகைக்கு முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டு அவரைத் திரும்ப உட்கார வைத்தாள்.

"என்ன தாரகை, உனக்கும் வருதா?"

கோகுல்நாத் நடுக்கயிற்றோரம் நின்றிருந்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது.

"உங்களுக்கும் வருதாண்ணே?"

"கால் மணி நேரமா வருது. நானும் என் தொகுதியைத் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கிறான்."

"எங்க இருக்கு?"

"நடுவுல ஆரம்பிச்சுத் தோள்பட்டைக்கு ஏறுது. தாடையில போய் நிக்கிது."

அதே வலி, அதே வழியில். இரண்டு தொகுதியில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வலிக்குமா?

"கழட்டிப் பாத்தீங்களாண்ணே?"

"பாக்காம இருப்பனா? உக்காந்து கழட்டி முப்பது எண்ணினேன். எண்ணி முடிக்கிறதுக்குள்ள குறைஞ்சு போச்சு. கட்டிக்கிட்டு நடந்தா மறுபடி வருது. நம்மளது இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாலு மாசமா இவன் வர்றாம்மா. மேலூர்ல, அழகர்கோயில் அடிவாரத்துல, போன தடவை இங்க. எல்லாக் கச்சேரிக்கும் வர்றான். வலியும் முகம் மாதிரிதான், எனக்கு அடையாளம் தெரியுது. ஆளு மட்டும் கிடைக்க மாட்டேங்கிறான்."

காதுக்கருவியில் குழுத்தலைவர் ரிஸ்வானை அழைத்தாள். அவரும் குழம்பினார். "சமிக்ஞை கசியுதோ என்னமோ. ரெண்டு பேரும் ஒருத்தரையேகூட உணரலாம். தாரகை, உங்க தொகுதியை அஞ்சஞ்சு பேரா வெளிய எடுங்க. எப்ப வலி நிக்குதுன்னு பாருங்க."

கச்சேரி உச்சத்தில் இருக்கும்போது எழுந்திரு என்றால் யார் எழுந்திருப்பார்கள்? ஒரு பெண்மணி சத்தம் போட்டாள். பருத்த ஆள் மகளைத் தூக்கிக்கொண்டு, "மறுபடியுமா!" என்றார். அவர்களுடைய எரிச்சல் அத்தனையும் தாரகையின் வயிற்றிலேயே புளித்தது. ஆனாலும் கெஞ்சி, கும்பிட்டு, ஐந்தைந்து பேராக அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் எரிச்சல் ஒரு பங்கு குறைந்தது. வலி குறையவில்லை.

கடைசி நாலு பேரும் வெளிக்கயிற்றைத் தாண்டினார்கள்.

தாரகை காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றாள். அந்தத் தொகுதியில் ஒரு மனிதர் கூட இல்லை. நெஞ்சில் முழங்கை மட்டும் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. பட்டையைக் கழற்றினாள். போனது. கட்டினாள். வந்தது. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று ஒரு கணம் பயந்தாள்.

வெளியே நின்றவர்களை எண்ணினாள். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்பதுதான். கைப்பலகையில் தொகுதியின் பட்டியலைத் திறந்தாள். உள்ளே வந்த ஒட்டிகள்: நாற்பது.

"ஒரு ஒட்டி வெளிய வரல. ஒரு ஆளைக் காணோம்!" என்று கத்தினாள்.

கோகுல்நாத் தண்ணீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு நடுக்கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார். அவர் ஓட ஓடத் தாரகையின் நெஞ்சு இறுகியது. மூச்சு முட்டியது. பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் ஓடுறாம்மா!" என்றார் கோகுல்நாத், மூச்சிரைக்க. "துடிப்பு ஏறுது பாரு. எங்கயோ ஓடிக்கிட்டிருக்கான். எந்தப் பக்கம்னு பாரு!"

தாரகை அவரையே பார்த்தாள். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"அண்ணே, அங்கயே நில்லுங்க. அசையாதீங்க."

அவர் நின்றார். சிறிது நேரத்தில் அவளுடைய நெஞ்சில் பிடி தளர்ந்தது.

"இப்ப நின்னுட்டான்" என்றார் அவர், திருப்தியோடு.

"அண்ணே, உங்க கையில ஒட்டி இருக்கா?"

"ஒட்டியா? ஆமா." சட்டைக் கையை ஏற்றிக் காட்டினார். "என் வீட்டுக்காரி மாலதிக்குச் சீட்டு வாங்கினேன். மக பிரசவம்னு சிவகாசிக்குப் போயிட்டா. வீணாப் போகக்கூடாதுன்னு வாசல்ல நான் ஒட்டிக்கிட்டேன். எட்டு மணிக்கு வேலை முடிஞ்சா கடைசிப் பாட்டை உன் தொகுதியில உக்காந்து கேக்கலாமேன்னு. அதுக்கென்ன?"

தாரகை அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒட்டியைப் பிய்த்தாள். அவளுடைய நெஞ்சு காலியானது. வலி போன இடத்தில் குளுகுளுவென்று இருந்தது. அந்த சுகம் அவளைக் கதிகலங்க வைத்தது.

"அண்ணே, அது நீங்கதான். பட்டையைக் கழட்டிட்டு உக்காருங்க. டாக்டரைக் கூப்பிடுறேன்."

"நானா?" அவர் சிரித்தார். "எனக்கென்னம்மா, இரும்பு மாதிரி இருக்கேன். உனக்கு விட்டுப் போச்சா? எனக்கு இன்னும் இருக்கு. இப்ப ரொம்ப அதிகமா இருக்கு. அவன் எங்கயோ விழுந்து கிடக்கான் தாரகை."

"கழட்டுங்கண்ணே!"

"கழட்டுனா அவனை விட்டுருவேன்ல?" அவர் இரு கையாலும் பட்டையைப் பொத்திக்கொண்டார். "நாலு மாசமாத் தேடுறேன். இன்னைக்கு இவ்வளவு பக்கத்துல…"

அவர் அப்படியே சரிந்தார். தாரகை பாய்ந்து தாங்கிக்கொண்டாள். ரிஸ்வானின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கயிற்றுக்கு வெளியே முணுமுணுத்துக்கொண்டிருந்த முப்பத்தொன்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். பருத்த ஆள்தான் முதலில் உள்ளே ஓடிவந்து காலைத் தூக்கினார்.

மருத்துவக் கூடாரத்தில் டாக்டர் ஷெரின் ஊசி போட்டு, மூச்சுக்கருவி வைத்து, அரை மணி நேரம் போராடினார். பிறகு வெளியே வந்து தாரகையிடம் சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம். நேரத்துக்குக் கொண்டு வந்துட்டீங்க. நாலு மாசமா இருந்திருக்கு. உக்காந்தா குறையிற வலி இது. கழட்டிப் பாக்க உக்காரச் சொல்றோம், உக்காந்ததும் வலி போயிடுது. போனா தன்னோடது இல்லன்னு எழுதி வச்சிருக்கோம்." கையுறையைக் கழற்றினார். "நாங்கதான் எழுதி வச்சிருக்கோம்."

வண்டி வரும் வரை உள்ளே இருக்கலாம் என்றார்கள். கோகுல்நாத் கட்டிலில் கிடந்தார். மேல்கை வெறுமையாக இருந்தது. பட்டை இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு தடம். நர்ஸ் அவரிடம் நடந்ததையெல்லாம் இரண்டு முறை விளக்கியிருந்தாள். அவரும் தலையாட்டிக் கேட்டிருந்தார்.

தாரகையைக் கண்டதும் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையிலிருந்து அவளுக்கு எதுவுமே வரவில்லை, சூட்டைத் தவிர.

"ஆளு கிடைச்சானாம்மா?"

தாரகை நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கிடைச்சிட்டாருண்ணே."

"அப்பாடா." கண்ணை மூடித் திறந்தார். "பிழைச்சுக்குவானா?"

"பிழைச்சுக்குவாருன்னுதான் டாக்டர் சொல்றாங்க."

"வீட்டுல இருக்கவங்களுக்குச் சொல்லிட்டாங்களா?"

"சிவகாசிக்குச் சொல்லியாச்சு. கிளம்பி வந்துக்கிட்டிருக்காங்க."

கோகுல்நாத் கூடாரத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம்" என்றார். "இத்தனை நாளா ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கான் பாரு."