நாலாம் நம்பர் வரைபடம்

தேனாம்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது துப்பறியும் ராஜரத்தினத்தின் ஆபீஸ். அங்கே வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, அக்கம்பக்கம் பார்த்துத்தான் பேசுவார்கள். முத்தம்மாவுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. 1973 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காலி மீன்கூடையைக் கதவோரம் வைத்துவிட்டு நின்றபடியே விஷயத்துக்கு வந்தாள்.

"ஐயா, என் புள்ளையக் கடல் முழுங்கல. ஒரு கிளார்க்கு முழுங்கினான். வேலைய வுட்டுத் தூக்கிட்டா சரியாப் பூடுமா? அவன் ஜெயில்ல களி துன்றதை நான் கண்ணால பாக்கணும். அதுக்கு சாட்சி தேடிக் குடு."

ராஜரத்தினம் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக்கதையையும் பொறுமையாக வாங்கினார். அடையாற்று முகத்துவாரக் குப்பத்தைச் சேர்ந்தவள். ஒரே மகன் லாசர், இருபத்துநாலு வயது, அடையாறில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு சிறிய விமானக் கம்பெனியில் மெக்கானிக். ஜூன் மாதம் கேப்டன் சங்கரனோடு செங்குளத்துக்குக் கிளம்பிய விமானம், மேகத்தில் வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து, மணல்முனைக்கு எதிரே கடலில் இறங்கியது. லாசரின் இடுப்புப் பட்டை சிக்கிக்கொண்டது. கேப்டன் மட்டும் தோல்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நீந்தி, வந்த படகில் ஏறிக்கொண்டார். லாசரை மணல்முனை மீனவர்கள் முங்கி எடுத்தபோது உயிர் இல்லை. அவன் கழுத்துச் சிலுவை, கைக்கடிகாரம், இடுப்பில் கட்டியிருந்த மெழுகுத்துணிப் பொட்டலம், மூன்றையும் பிரிக்காமல் அப்படியே மாதா படத்தடியில் வைத்திருப்பதாகச் சொல்லி அழுதாள்.

விசாரணை நடத்தியவர்கள், வரைபடத்தைத் திருத்தாமல் விட்ட கிளார்க் கணேசமூர்த்திதான் காரணம் என்று எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மேற்கு மாம்பலம் போய், அவன் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வருகிறாள். ஏழு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

அவள் போனதும் ராஜரத்தினத்தின் உதவியாளர் ஜவஹர் துள்ளி எழுந்தார். தந்தி ஆபீசில் இருபது வருஷம் 'கட்டு கடா' தட்டிவிட்டு, ஆர்வம் தாங்காமல் துப்பறிய வந்த மனிதர். சும்மா இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டார்.

"இது நம்ம தந்தி சமாசாரம் சார்," என்று மேஜையில் விரலால் தட்டிக் காட்டினார். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அடையாளமாக இரண்டு எழுத்து உண்டு. அந்த ஊர் ரேடியோ நாள் முழுக்க அந்த எழுத்துகளையே தந்திக் குறியீட்டில் தட்டிக்கொண்டிருக்கும். விமானி காதில் கேட்டு, வரைபடத்தில் பார்த்து, இன்ன ஊர் என்று தெரிந்துகொள்வார். செங்குளத்துக்கு வெகுகாலமாக எஸ்.கே. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அதற்கு வேறு எழுத்து, வேறு அலைவரிசை. பழையது இரண்டும் மணல்முனைக்குப் போய்விட்டன. மணல்முனையில் ரேடியோ மட்டும்தான் வந்திருந்தது, ஓடுபாதை இன்னும் போடவில்லை. பழைய வரைபடத்தை நம்பி எஸ்.கே.யைத் தேடிப் போனவன் கடற்கரையில் போய்த்தான் நிற்பான்.

மாலையில் இருவரும் மாம்பலம் ரயிலடிக்கு அருகே சந்துக்குள் கணேசமூர்த்தியின் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். வாசல்படியில் மண் அப்படியே கிடந்தது. கூட்டினால் சாபம் வீட்டுக்குள் வரும் என்று அவர் மனைவி தங்கம் பயந்து விட்டுவைத்திருந்தாள். மனிதர் பாதியாக இளைத்துப்போயிருந்தார். பிழைப்புக்குப் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நீலம் பாரித்த பசை. ஜவஹர் அதன் பக்கத்தில் கையை ஊன்றப் போக, மயில்துத்தம் போட்டது, கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள் என்று தங்கம் எச்சரித்தாள்.

கம்பெனியில் ஆறு வரைபடங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட தோலுறை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் வாங்கி, மாறிய விவரம் அச்சிட்ட திருத்தச் சீட்டுகளை ஒட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. கேப்டன் சங்கரனிடம் இருந்த நாலாம் நம்பருக்கும் மார்ச் முப்பதாம் தேதி ஒட்டியதாகச் சத்தியம் செய்தார். விசாரணையில் வரைபடத்தைத் தொடவே விடவில்லையாம். கேப்டனுக்கு உங்கள்மேல் என்ன கோபம் என்று ராஜரத்தினம் கேட்டார். சங்கரன் வரைபடத்தைத் திருத்தத் தருவதே இல்லை என்று போன டிசம்பரில் இவர் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அதனால் தலைமை விமானி பதவி சங்கரனுக்குக் கைநழுவிப்போயிற்று.

"அப்புறம் ஒழுங்கா குடுத்தார் சார். ஆனா மூஞ்சியைப் பார்க்கமாட்டார். வாங்கறப்போ குப்பையைத் தொடற மாதிரி ரெண்டு விரலால வாங்குவார்."

மறுநாள் அடையாறு ஆபீசில், மானேஜர் ஹபீபுர் ரஹ்மான் பீரோவைத் திறந்து விபத்தன்று கேப்டன் தோல்பையில் காப்பாற்றிக் கொண்டுவந்த வரைபடத்தை எடுத்துக் கொடுத்தார். தோலுறையில் 4 என்ற எண். உள்ளே செங்குளத்துக்கு நேராகப் பழைய எழுத்து, எஸ்.கே. ஜனவரிக்குப் பிறகு ஒரு சீட்டுகூட ஒட்டப்படவில்லை. அதற்கு முந்தைய ஏழெட்டுச் சீட்டுகளின் ஓரங்களைக் கரப்பான் வளைத்து வளைத்து அரித்திருந்தது. மற்ற ஐந்து வரைபடங்களையும் ராஜரத்தினம் கேட்டு வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, பீரோவில் கரப்பான் தொல்லை உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு, பிஸ்கட் டப்பாவைக்கூட விடுவதில்லை என்றார் மானேஜர்.

அங்கிருந்து மயிலாப்பூர். கேப்டன் சங்கரன் மாடவீதியில் தனி வீட்டில் இருந்தார். லாசரைப் பற்றிக் கேட்டதும், நல்ல பையன், என்ன செய்வது, ஒரு கிளார்க்கின் சோம்பேறித்தனம் என்று உதட்டைப் பிதுக்கினார். தன்னைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்து ஆல்பத்தைக் கொண்டுவந்தார். பத்து வருஷமாகத் தன்னைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததையெல்லாம் கத்தரித்து, தன் கையாலேயே ஒட்டிவைத்திருந்தார். பசைக்குக் கடைக்கு ஓடுவானேன், ரெண்டு சோற்றுப் பருக்கை போதாதா என்றார். ஆல்பத்தின் ஓரங்கள் அரித்துக் கிடந்தன.

தெருவுக்கு வந்ததும் ராஜரத்தினம் ஜவஹரிடம் ஒரே ஒரு வேலை சொன்னார். வெள்ளிக்கிழமை காலை முத்தம்மாவை அடையாறு ஆபீசுக்கு அழைத்துவர வேண்டும். வரும்போது அவள் மாதா படத்தடியில் இருப்பதையும் எடுத்துவர வேண்டும்.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் கணேசமூர்த்தியைப் பார்த்ததும் முத்தம்மா பாய்ந்தாள். ஜவஹர் நடுவில் போய் நிற்க வேண்டியிருந்தது. சங்கரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராஜரத்தினம் ஆறு வரைபடங்களையும் மேஜையில் விரித்தார்.

"கணேசமூர்த்தி பசையில மயில்துத்தம் கலப்பார். ஓரம் லேசா நீலம் பாரிக்கும், பூச்சி கிட்ட வராது. இந்த அஞ்சு வரைபடத்துல நூத்துக்கு மேல சீட்டு இருக்கு. ஒண்ணைக்கூடக் கரப்பான் தொடலை. இதே பீரோவுல கிடந்த பிஸ்கட்டைத் தின்னுருக்கு, இதைத் தின்னலை. நாலாம் நம்பர்ல மட்டும் எல்லாச் சீட்டும் அரிச்சிருக்கு. ஏன்னா அது அவர் ஒட்டினதே இல்லை. சோத்தால ஒட்டினது."

சங்கரன் வாயைத் திறக்குமுன் ராஜரத்தினமே தொடர்ந்தார். உறை கம்பெனியுடையது, உள்ளே இருப்பது கேப்டனின் சொந்த வரைபடம். தன்மேல் புகார் எழுதியவன் ஒட்டிய காகிதத்தை வைத்துப் பறப்பதா என்று வீம்பு. கிளார்க் கொடுத்ததை வாங்கி, உறையைக் கழற்றித் தன் வரைபடத்துக்குப் போட்டுக்கொண்டார். அதிலும் ஜனவரியோடு ஒட்டுவதை விட்டுவிட்டார். விபத்துக்குப் பிறகு அந்த வீம்பே அவருக்கு வசதியாகப் போயிற்று. பதவியைக் கெடுத்தவன் தலையில் பழியைப் போட்டாயிற்று, தானும் தப்பியாயிற்று.

"எல்லாம் ஊகம்," என்றார் சங்கரன். "கம்பெனி வரைபடம் வேறென்றால் அது எங்கே? காட்டுங்களேன்."

"மாசக் கடைசியில திருப்பிக் குடுக்கணுமேன்னு அதையும் விமானத்துல வச்சிருந்தீங்க. அன்னிக்கு அதைத் தூக்கி எறிஞ்சீங்க. லாசர் எடுத்து வச்சிக்கிட்டான்," என்றார் ராஜரத்தினம். பிறகு முத்தம்மாவின் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ல படகு கவிழப்போவுதுன்னு தெரிஞ்சா இன்னாம்மா செய்வாங்க?"

"முக்கியமானதை மெழுகுத்துணில சுத்தி இடுப்புல கட்டிக்குவாங்க. ஆள் போனாலும் அது கரைக்கு வரும்," என்றாள் அவள். சொல்லிக்கொண்டே மடியிலிருந்த பொட்டலத்தைக் குனிந்து பார்த்தாள்.

நூல் முடிச்சை அவிழ்க்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை. உள்ளே நாலாக மடித்த வரைபடம், ஓரங்களில் உப்புக்கறை. செங்குளத்துக்கு நேராகச் சிறிய சீட்டு, அதில் புது எழுத்து, அதைச் சுற்றி மெல்லிய நீலம். மூலையில் கணேசமூர்த்தியின் கையெழுத்து, மார்ச் முப்பது. கூடவே லாசர் பென்சிலால் இரண்டு வரி கோணலாக எழுதியிருந்தான். ஹபீபுர் ரஹ்மான் அதைச் சத்தமாகப் படித்தார்: 'கேப்டனிடம் மூன்று முறை காட்டினேன். குப்பை என்கிறார்.'

கணேசமூர்த்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சங்கரன் எழுந்து நின்றார். போக இடமில்லாமல் மறுபடி உட்கார்ந்தார். முத்தம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் படித்தது காதில் விழுந்தது. அவள் சங்கரனுக்கு நேரே போய் நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"பையைப் புடிச்சிக்கினு வந்தியே, அந்தக் கையால என் புள்ளையப் புடிச்சிருக்கலாமே நைனா. கூப்ட்டிருப்பானே உன்னை."

மானேஜர் போலீசுக்குப் போன் செய்தார். ஜவஹர் வாசல்வரை வந்து, இனி சட்டம் பார்த்துக்கொள்ளும், நீ நிம்மதியாகப் போ அம்மா என்று சொல்லிப்பார்த்தார்.

"அவுங்க வேலைய அவுங்க பாக்கட்டும். என் வேலை பாக்கி கீது," என்றாள் அவள்.

அன்று பகல் அவள் மேற்கு மாம்பலத்துக்குத்தான் முதலில் போனாள். தங்கம் பதறிக் கதவைச் சாத்தப்போனாள். முத்தம்மா வாசலில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்து, ஏழு வாரம் தான் தூற்றிய மண்ணையெல்லாம் ஒரு துகள் விடாமல் கூட்டி அள்ளினாள். தண்ணீர் கேட்டு வாங்கிப் படியைக் கழுவினாள். பிறகு அள்ளிய மண்ணை முந்தானையில் இறுக முடிந்துகொண்டு, தெருமுனைக்கு வந்து, மயிலாப்பூர் போகும் பஸ் எது என்று விசாரித்தாள்.